ஜனவரி பத்து

ஆம்பூர்
11.3.2001

அன்பு மகள் ஹெப்சிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள் கண்ணு, மணி பன்னிரண்டரை ஆகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அம்மாவுக்குத் தூக்கம் என்று எடுத்துக்கொள். அப்பாவும் தம்பியும் தூங்கிய பிறகுதான் இதை எழுத முடியும், ஏன் என்று படித்தால் உனக்கே தெரியும். ஆண்டவர் தயவால் இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டெல்லியில் குளிர் விட்டதா, நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதே. அபினேஷுக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது, கெமிஸ்ட்ரி எப்படிடா என்றால் "அமெரிக்காவுல இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்கிறான்.

அப்பா போனில் சொன்னதுதான், ஏப்ரல் பதினெட்டாம் தேதி சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்கு விசா இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி எங்கள் மூன்று பேருக்கு மட்டும் கடிதம் வந்திருக்கிறது, உனக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டதால் நீ எங்களோடு சேர்த்தி இல்லையாம். நீ "பரவால்லப்பா, நீங்க போங்க" என்று சொன்னாயாம், அதைச் சொல்லிவிட்டு அப்பா பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார். அமெரிக்காவிலிருந்து ஆக்னஸ் அத்தை தன் தம்பி குடும்பத்துக்கென்று மனுப் போட்டபோது உனக்கு ஏழு வயது, பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. எப்படியும் போகப்போகிறோம் என்று நம்ம ஊர் பெத்லகேம் ஏரியாவில் விலைக்கு வந்த மனையை வாங்கவில்லை, எனக்கு வந்த பிரமோஷனை வேண்டாம் என்றேன், வீட்டுக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு நாலு நடை, பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நடை என்று கணக்கே இல்லை, அப்பா பி.எஃப். லோன் போட்டு நாலு பேருக்கும் கட்டிய ஃபீஸில் உன் பங்கு திரும்பி வராதாம். வேலூரில் ஒரு புரோக்கர் தேதியை மாற்றி உனக்கு வேறு பாஸ்போர்ட்டே எடுத்துத் தருகிறேன் என்றானாம். அப்பா "பதிமூணு வருஷம் நேர் வழியில நின்னுட்டு கடைசியில திருட்டுக் காயிதமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை ஹெப்சி.

உனக்கு இரண்டு பிறந்தநாள், அக்டோபர் பதினாலு வீட்டுக்கு, ஜனவரி பத்து சர்ட்டிபிகேட்டுக்கு, பழைய பள்ளிக்கூட கிளார்க் தணிகைவேல் போட்ட தப்பு என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்திருக்கிறோம். அக்டோபர்தான் காகிதத்தில் இருந்திருந்தால் உனக்கு இன்னும் இருபதுதான், எங்களோடு வந்திருப்பாய். அதனால் போன சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிகொண்டாவில் தணிகைவேல் வீட்டுக்குப் போனார், தப்பு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், வக்கீலிடம் காட்டலாம் என்று கேட்டார், குரலும் கொஞ்சம் ஏறிவிட்டது, "உங்களால என் பொண்ணு வாழ்க்கையே பேஜாராப் பூடுச்சி" என்றுகூடச் சொல்லிவிட்டார். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "வயசாயிடுச்சி சார், ஒண்ணும் ஞாபகம் இல்ல, இன்னா எழுதணுமோ சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். அப்பா வண்டியைத் திருப்பப் போன நேரத்தில் என்னிடம் மட்டும் மெதுவாக, "நான் ஜூன் ஒண்ணுன்னுதானே போடலாம்னேன் டீச்சரம்மா" என்றார்.

ஆமாம் கண்ணு. தேதியைக் கொடுத்தது நான். எண்பத்தைந்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது, அப்பா காலையில் ஷூ கம்பெனிக்குப் போய்விடுவார், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டால் என் கண்ணெதிரிலேயே இருப்பாய். ஐந்து வயசு ஆக நாலு மாசம் கம்மி. எல்லோரும் செய்வதுதான், தணிகைவேல் ஜூன் ஒன்று என்று போட்டுக்கொள்ளவா என்று கேட்டார், நான்தான் மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று எங்கள் கல்யாண நாளைச் சொன்னேன். ஜூன் ஒன்று என்று விட்டிருந்தால்கூட இன்றைக்கு நீ எங்களோடு வந்திருப்பாய், இந்த ஒரு வாரமாக அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் அன்றைக்குச் சொல்லப் பயம், அது நம் கல்யாண நாளாச்சே என்று அவர் கேட்டபோது கிளார்க் எதையோ பார்த்து மாற்றி எழுதிவிட்டார் என்றேன், அப்புறம் கிளார்க் தப்பு என்றே ஆகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். வக்கீல் சொல்கிறார், கோர்ட்டில் மாற்றலாம், ஆனால் பள்ளிக்கூடம், நர்சிங், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக மாற இரண்டு வருஷமாவது ஆகுமாம், தூதரகத்துக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

அத்தை போனில், நாங்கள் அங்கே போனதும் அப்பா உனக்கென்று தனியாக மனுப் போடலாம், ஏழெட்டு வருஷம் ஆகும் என்றாள், "அதுவரைக்கும் பொண்ணுக்குக் கல்யாணம் மட்டும் பண்ணிடாதீங்க, பண்ணா அந்த மனு செல்லாது" என்று சொன்னாள். அவள் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி. ஆனால் நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன்னோடு வேலை செய்யும் ஜோஸ் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்க்காமல் இல்லை. ஒரு காகிதத்துக்காக ஏழெட்டு வருஷம் நிற்காதே ஹெப்சி, நாங்கள் நின்றது போதும்.

இன்னொன்று. தூதரகத்தில் ஜன்னலுக்கு முன்னால் வலது கையைத் தூக்கி, எழுதிக் கொடுத்ததெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்யச் சொல்வார்களாம். பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதும் இடத்தில் ஜனவரி பத்து என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்தக் கையை எப்படித் தூக்குவேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அபினேஷுக்கும் அப்பாவுக்கும் என்ன ஆகுமோ, அதனால் பதினெட்டாம் தேதிக்கு முன்னால் அப்பாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், அவர் சொல்கிறபடி செய்வேன். அவருக்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது, பறிபோனது உன்னுடையது.

உன் ஞானஸ்நானச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், அதில் அக்டோபர் பதினாலு என்று சர்ச் ஐயர் சரியாக எழுதியிருக்கிறார், மடிப்பில் கிழிந்திருக்கிறது, பிளாஸ்டிக் கவரில் போட்டு வை. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், எங்கே இருந்தாலும் நல்லா இருப்பாய்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது, வீட்டுக்கு வேண்டாம், என் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு. சீக்கிரம் பதில் எழுது.

உன்
அம்மா