பரமேஸ்வரன் மாமாவின் பாதி முகம்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் தர்மேந்திரன் சுங்கை ஊடாங்கில் பார்க்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டோடு இருக்கும் என் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். காமிரா, கம்ப்யூட்டர், பிரிண்டர், கார்டு ரீடர், ஃபேன், நான் உட்காரும் நாற்காலி என்று ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நல்ல வேளை, நான் நகர்ந்துகொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரன் மாமாவுக்கும் குஞ்சம்மா அத்தைக்கும் அறுபதாம் கல்யாணம். எஸ்டேட்டில் நடந்த முதல் கல்யாணத்தில், படம் எடுக்க வந்தவர் காமிராவில் ஃபிலிம் போட மறந்துவிட்டாராம். ஊரே வரிசையாக நின்று பல்லைக் காட்டியது வீண். அந்தப் பயத்தில் அத்தை இன்று தாலி ஏறும்போதுகூட மாமாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நளினி, ஃபிலிம் இருக்கா?"

"இப்பல்லாம் ஃபிலிம் கிடையாது அத்தை."

அவர் முகம் போன போக்கு! படம் பதிவாகும் கார்டை வெளியே எடுத்துக் காட்டிய பிறகுதான் மாலை மாற்றினார்.

அக்டோபர் 6, திங்கள்

அலாமாக், ஐயோ! ஒரு படமும் திறக்கவில்லை.

எடிட்டிங் சாஃப்ட்வேரில் எதைப் போட்டாலும் "திறக்க முடியாது" என்கிறது. ஒன்றே ஒன்று மனமிரங்கித் திறந்தது. மாமாவின் நெற்றி, ஒரு கண் – அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஆனால் காமிராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் முழுசாக இருக்கிறது. அப்படியானால் சாஃப்ட்வேர்தானே குற்றவாளி?

இவரிடம் சொன்னேன். "பூஜை பத்தல லா," என்று இன்னொரு சுற்று சந்தனம் வைத்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

அப்டேட் செய்தேன். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். கார்டிலிருந்து படங்களை மறுபடியும் இறக்கினேன். இப்போது மாமாவின் அந்த ஒரு கண்ணும் போய்விட்டது.

அத்தை எட்டிப் பார்த்தார். "படம் வந்துருச்சா?"

"கலர் பாத்துக்கிட்டு இருக்கேன் அத்தை." எந்தக் கலரை? சாம்பலையா?

"தீபாவளிக்கு ஹால்ல மாட்டணும்மா. இதுவும் போச்சுன்னா மூணாவது தடவ என்னால கட்ட முடியாது. அந்த மனுஷனோட ஒரு தடவ கட்டுனதே பெருசு."

சிரித்தேன். அவர் போனதும் அழுகை வந்துவிட்டது. ஃபிலிம் போடாத அந்த ஆளையே இத்தனை வருஷமாகத் திட்டுகிறார்கள். நான் பக்கத்து வீட்டிலேயே அல்லவா குடியிருக்கிறேன்!

அக்டோபர் 8, புதன்

இவர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருக்கிறார். கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி சுற்றவாம்.

அக்டோபர் 9, வியாழன்

தங்கா பத்துவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுகுமாரனுக்குப் போன் போட்டேன். ஒரே கேள்விதான் கேட்டார்: "பழைய கல்யாணப் படம் ஏதாச்சும் தொறக்குதா பாருங்க."

திறக்கிறது. எல்லாம் ஜோராகத் திறக்கிறது!

அப்படியானால் சாஃப்ட்வேர் நல்லது. காமிராவில் தெரிவதால் கார்டும் நல்லது. நடுவில் இருப்பது என்ன?

கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் இறக்கும் கார்டு ரீடர். கையில் எடுத்து, கார்டு நுழையும் வாயைப் பார்த்தேன். வாய் எங்கே இருக்கிறது? சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் திரும்பவும் சந்தனம். நான் படத்தை இறக்க இறக்க இவர் பூசியிருக்கிறார். இவர் பூசப் பூச படம் கெட்டிருக்கிறது. சாமி வரம் கொடுக்க வந்திருந்தால்கூட உள்ளே நுழைய வழியில்லை!

கார்டை மெல்லத் துடைத்துவிட்டு, பஸ் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் புது ரீடர் வாங்கி வந்தேன். அத்தனை படமும் திறந்தது. மாமாவின் இரண்டு கண்ணும், மூக்கும், வாயும்.

"பாத்தியா, எலுமிச்சம்பழம் வேலை செஞ்சிருச்சு," என்றார் இவர். இந்த ஆளை என்ன செய்வது?

அக்டோபர் 10, வெள்ளி

காலையிலேயே மாமாவிடமிருந்து ரகசியமாக வாட்ஸ்அப். "தாலி கட்டும்போது நாக்கு வெளிய வந்துருச்சுன்னு பசங்க சிரிக்கிறாங்க. அதை மட்டும் எடுத்துரும்மா. அத்தைக்குத் தெரிய வேணாம்."

உண்மைதான். முடிச்சுப் போடும் கவனத்தில் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறார். எடுத்துவிடலாமென்று உட்கார்ந்தபோது பின்னாலேயே அத்தை வந்து நின்றார். மறைக்க நேரமில்லை.

வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"மொத கல்யாணத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். இதுல உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். தாலி கட்டுறப்ப இந்த மூஞ்சி எப்படி இருக்கும்னு இப்பதான்மா பாக்குறேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு உடனே அதட்டினார்: "நாக்குல கை வைக்காத. இதத்தான் பெருசு பண்ணணும்."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டு ஹாலில், நுழைந்ததும் தெரிகிற மாதிரி மாமாவின் நாக்கு. முறுக்கு சாப்பிட வந்த அத்தனை பேரும் அந்தப் படத்துக்குக் கீழே நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாமா முதலில் முறைத்துப் பார்த்தார். சாயங்காலம் அவரே அத்தையை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

இரண்டு பேரும் நாக்கை நீட்டினார்கள். நான் எடுத்தேன்.

கார்டு ரீடரை இவர் கைக்குச் சிக்காமல் வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.