ஆள் இருக்கிற மாதிரி ஒரு வீடு

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

யாரும் குடியில்லாத வீட்டில், கட்டில்மேல் கவிழ்த்து வைத்த புத்தகத்தை யார் படிப்பார்கள்? நான்கு நாளாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. இதை உங்களிடம் எழுதுவது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும்.

போனில் பேசினால் நான்காவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, கடிதத்தில் இரண்டு பேரும் மரியாதையாக இருக்கிறோம் என்று சொன்னவர் நீங்கள்தான். அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

நான் கல்லூரிக் குடியிருப்புக்கு வந்தபின் மூன்று மாதத்தில் பத்தொன்பது பேர் நம் வீட்டைப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. அது விற்றால்தான் நமக்குள் மிச்சமிருக்கும் ஒரே முடிச்சும் அவிழும் என்று வக்கீல் வேறு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் தரகர்தான் வாயைத் திறந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வந்ததும் யாரோ கோவிச்சுக்கிட்டுப் போன வீடு மாதிரி இருக்கு. வர்றவங்களுக்கு அது பட்டுன்னு தெரிஞ்சிடும். சின்ன வீடுன்னா ரெண்டு பேர் சந்தோஷமா இருக்கிற மாதிரி காட்டணும். ஆள் இருக்கிற மாதிரி வையுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

சரி, அதையும் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். சுவர்களுக்கு வெள்ளை அடித்தாயிற்று. பெரிய சோபாவைத் தள்ளிவிட்டேன். ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டியதில் ஓர் அறை ஒன்றரை அறை ஆகிவிட்டது. திரைச்சீலையைக் கூரையை ஒட்டிப் போட்டால் சுவர் உயரமாகத் தெரிகிறது. இது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. மேஜையில் இரண்டு கோப்பை. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. கதவுக்குப் பின்னால் நீங்கள் விட்டுப்போன நீலச் சட்டை. கட்டிலில் ஒரு நாவல், நாற்பதாம் பக்கத்தில் கவிழ்த்து.

பார்க்க வருகிறவர்கள் எதையாவது நகர்த்திவிடுகிறார்கள் என்பதால், ஆய்வகத்தில் செய்வதுபோல ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை நான்கு நாள் யாரும் பார்க்க வரவில்லை. வெள்ளிக்கிழமை நாற்பதாம் பக்கத்தில் இருந்த நாவல் செவ்வாய்க்கிழமை அறுபத்தொன்றில் இருந்தது. தரகரைக் கேட்டால், "நான் பேப்பரே படிக்கமாட்டேன் மேடம்" என்கிறார்.

உங்களிடம் இன்னும் ஒரு சாவி இருக்கிறதா? குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்தான்


மார்ச் 9

அன்புள்ள பேராசிரியை அம்மாவுக்கு,

சாவி இருந்தது. இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள். இனி என்மேல் சந்தேகம் வேண்டாம். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் முழுசாகப் படித்து முடித்தது கான்கிரீட் கையேடு ஒன்றைத்தான். அதைப் படித்தபோதே நீ என்னை இரண்டு முறை எழுப்ப வேண்டியிருந்தது. நாலு நாளில் இருபத்தொரு பக்கம் நாவல் படிக்கிறவன் நானில்லை. அவனைப் பிடித்தால் எனக்கும் காட்டு.

என் சட்டையை மாட்டிவைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதன் காலரில் மை இருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்து வை, விலை குறைந்துவிடப் போகிறது.

என் கோப்பையை எங்கே வைத்தாய்? ஜன்னலைப் பார்த்து வைத்திருந்தால் தப்பு. நான் எப்போதும் சமையலறையைப் பார்த்துத்தான் உட்காருவேன். பால் பொங்குகிறதா என்று பார்ப்பதற்கு என்று நீ நினைத்திருப்பாய்.

ஜூன் மாதம் அணைக்கட்டு வேலைக்குப் போகிறேன். ஐந்து வருஷம். போவதற்குள் வீடு விற்றால் நல்லது. பத்திரத்தை அனுப்பு, எங்கே சொல்கிறாயோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
பாலம் கட்டுகிறவன்


மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

சாவி பதின்மூன்றாம் தேதி வந்தது. நன்றி.

உங்கள் கோப்பையை நான் ஜன்னலைப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். பன்னிரண்டாம் தேதி போனபோது அது சமையலறையைப் பார்த்து இருந்தது. நாற்காலியும் திரும்பியிருந்தது. அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். உங்கள் கடிதம் மறுநாள்தான் வந்தது. ஆகவே, படித்ததை வைத்து நான் கற்பனை செய்துகொண்டேன் என்று சொல்ல வழியில்லை. கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். புது இடத்திலும் பெருக்கல் குறி இருந்தது. ஒரு கோடு கொஞ்சம் நீளமாக, நான் போடுகிற மாதிரியே. நான் போடவில்லை.

பதின்மூன்றாம் தேதி பூட்டை மாற்றினேன். புதுச் சாவி என்னிடம் ஒன்று, தரகரிடம் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால் இப்போது வீடு எல்லாருக்கும் பிடிக்கிறது. இந்த வாரம் எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு நர்ஸ் பெண்ணும் அவள் அம்மாவும் பதினாறாம் தேதி பார்த்தார்கள். தரகர் கதவைத் திறந்துவிட்டு, போன் வந்ததென்று கீழே இறங்கிவிட்டார். மாலையில் அந்த அம்மா என்னை அழைத்தார்.

"உங்க வீட்டுல இருக்கிறவங்க ரொம்ப தன்மையானவங்கம்மா. அந்தம்மா பால்கனில துணி காயப்போட்டுக்கிட்டே தண்ணி எப்ப வரும், எப்ப நிக்கும் எல்லாம் சொன்னாங்க."

பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்றேன். பக்கத்து வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறதென்று காவலாளி சொன்னது போனை வைத்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் நான் தேர்வு அறையில் அறுபது பிள்ளைகளுக்குக் காவல் இருந்தேன்.

நான் எதையும் நம்பிவிடவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நான்தான்


மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

இந்த முறை கிண்டல் இல்லை. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சைட்டில் ஒரு தூணின் அளவைத் தப்பாகச் சொல்லி, மேஸ்திரி என்னைத் திருத்தினார். "சார் இன்னிக்கு இங்க இல்ல" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னது சரிதான்.

அந்த நர்ஸின் அம்மாவைப் போய்ப் பார். அந்தப் பெண் தனியாக இருந்தாளா, கூட ஓர் ஆள் இருந்தானா என்று கேள். இருந்தான் என்றால் எனக்குப் பொறாமையாக இருக்கும். சிரிக்காதே.

நாம் எதற்காகப் பிரிந்தோம் என்று இங்கே ஒருவர் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. நான் மாற்றல் கேட்டு வாங்கினேன், நீ ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. ஒருவேளை வீட்டை விற்க வேண்டாமோ? 'வாருங்கள்' என்று ஒரே வரி எழுது. ஏப்ரல் ஐந்தாம் தேதி பெட்டியோடு வந்து நிற்கிறேன். அணைக்கட்டை வேறு யாராவது கட்டிக்கொள்ளட்டும். அந்த வரி வரவில்லையென்றால் பத்திரம் வரட்டும். பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

காத்திருக்கிறேன்.

நான்


மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

நர்ஸின் அம்மாவை இன்று போய்ப் பார்த்தேன். பெண் வேலைக்குப் போயிருந்தாள். அவர் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே பேசினார்.

"அவர் இல்லாமயா? உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தார். அந்தம்மா என்னமோ சொல்ல, அவர் சிரிக்க, ஒரே கலாட்டா. நாங்க போனதே தெரியல முதல்ல."

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்களே, ஏன் விக்கிறீங்கன்னு கேட்டேன். அதுக்கு அவர், 'நாங்க விக்கலயே. அவங்க ரெண்டு பேரும்தான் விக்கிறாங்க'ன்னார். நீங்க வாடகைக்கு விட்டிருக்கீங்க போலன்னு நெனச்சேன். அந்தம்மா மட்டும், 'பாவம், அவங்களும் நல்லவங்கதான்'னாங்க."

நர்ஸின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வாடகைக்கு யாரும் இல்லை, வீடு காலி, நீங்கள் யாரைப் பார்த்தீர்கள் என்று எனக்கும் தெரியாது என்றேன். என் முகத்தை எதனோடோ ஒப்பிடுவதுபோலப் பார்த்தார். பிறகு, "யாரா இருந்தா என்னம்மா, சிரிச்ச முகமா இருந்தாங்க. என் பொண்ணுக்கு அந்த மாதிரி வீடுதான் வேணும்" என்றார். நான் பயமுறுத்தினால் விலையைக் குறைக்க ஒரு வழி கிடைத்தது என்று நினைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக்கூடச் செய்யவில்லை.

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இந்தத் தாளுக்கு முன்னால் நான்கு தாள் கிழித்திருக்கிறேன். ஒன்றில் எழுதியும் விட்டேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த வீட்டில் நான் காட்டி வைத்த வாழ்க்கை நம்முடையது இல்லை. கடைசி ஒன்பது வருஷத்தில் நாம் ஒரே மேஜையில் டீ குடித்ததில்லை. விற்பதற்காக நான் ஜோடித்த ஒரு பொய் அது. அதற்குள் யாரோ வந்து உட்கார்ந்து, நம்மைவிட நன்றாக இருக்கிறார்கள்.

நாளை காலை பத்து மணிக்கு அங்கே போகப் போகிறேன். இதைத் தபாலில் போடாமல் வைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று எழுதிவிட்டு அனுப்புகிறேன். கூட்டாமல், குறைக்காமல்.


மார்ச் 28

நடந்தது இது.

சாவி கையில் இருந்தும் திறக்கவில்லை. அழைப்பு மணியை அடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், அடுத்தவர் வீட்டில் அப்படித்தானே செய்வோம்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "யாரும்மா பாரு" என்றது ஒரு குரல். உங்கள் குரல். "இருங்க, கை ஈரமா இருக்கு. இதோ வந்துட்டேன்" என்றது இன்னொன்று.

அது என் குரல். ஆனால் அதில் களைப்பே இல்லை. வேலையின் நடுவே கூப்பிட்டதற்கு எரிச்சல் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் உங்களை ஒருநாள்கூட அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. நீங்கள் ஐந்தாம் தேதி வந்து நின்றாலும் எனக்கு அது வராது. வரும் என்று சொல்லி உங்களை வரவழைக்க என்னால் முடியாது.

காலடி கதவுக்குப் பக்கத்தில் வந்தது. தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தம் கேட்டது. நான் படியிறங்கிவிட்டேன். மூன்று மாடியும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே கதவு திறந்ததும், கொஞ்ச நேரம் கழித்து மூடியதும் கேட்டன.

பன்னிரண்டு மணிக்குத் தரகரின் அலுவலகத்தில் நர்ஸும் நானும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். பத்திரம் இதோடு இருக்கிறது. நீங்கள் போட வேண்டியது மூன்றாம் பக்கத்தில்.

கிளம்பும்போது நர்ஸின் அம்மா கேட்டார்: "மே ஒண்ணாந்தேதி நாங்க சாமான் கொண்டாந்துடுவோம். அதுக்குள்ள அவங்க போயிடுவாங்களா?"

போய்விடுவார்கள் என்று சொன்னேன்.

நான்தான்