நூலகத்தில் இலை அடிக்கும் மேஜை

மார்ச் 3, ஞாயிறு

என் அன்பு வாண்டுக்கு,

போனில் என்றால் பாப்பா பேச விடமாட்டாள், அதனால் கடிதம். நேற்று நூலகத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஈர இலையைத் துணியில் வைத்து, மேலே காகிதம் மூடி, மரச்சுத்தியால் டொக் டொக்கென்று தட்டினாய். காகிதத்தை எடுத்ததும் நரம்பு நரம்பாகத் துணியில் ஒரு இலை! நாற்பது பேரும் கைதட்டினார்கள். "காலேஜ்ல என் நோட்டைப் பாத்து எழுதினவதாங்க இவ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பீற்றிக்கொண்டேன்.

பாப்பா உன் கூடையிலிருந்து ஒரு இலையை எடுத்து மென்றுவிட்டாள். பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது நன்றாக விளையாடுகிறாள். நீதான் என்ன ஏது என்று ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

முத்தங்களுடன்,
குடுக்கை

*

மார்ச் 9

அடி அவசரக்குடுக்கை,

பாப்பா நலம் என்று படித்த பிறகுதான் உயிர் வந்தது. இலையை மென்றதே எனக்குத் தெரியாதுடி.

என் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. நூலக வாசலில் கருத்துப் புத்தகம் இருக்கிறதே, அதில் யாரோ பெயர் போடாமல் எழுதிவிட்டார்கள்: 'குழந்தைகள் கைக்கு எட்டும்படி விஷ இலைகளை வைக்கிறார். எது விஷம் என்று இவருக்குத் தெரியாது.' நூலகர் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நாலு பிள்ளைங்க வந்து போற இடம்" என்று மேஜையை எடுத்துவிட்டார். செய்துகாட்டக் கூப்பிட்டிருந்த இரண்டு பள்ளிகளும் 'அப்புறம் பார்க்கலாம்' என்றுவிட்டன.

முன்வரிசையில் தும்மிக்கொண்டே இருந்தாரே ஒரு மூக்குக்கண்ணாடி, அவர் வேலைதான். கையில் கிடைத்தால் அவரையே துணியில் வைத்துத் தட்டிவிடுவேன்!

நீ தாவரவியலில் முதல் மாணவி. அந்தக் கூடையில் இருந்ததெல்லாம் தின்றாலும் ஒன்றும் ஆகாத இலைகள் என்று நூலகருக்கு எழுதிக் கொடேன். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வாண்டு

*

மார்ச் 21

வாண்டு,

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடிக்காரர் பாவம். அதை எழுதியது நான்.

பாப்பாவின் உதட்டில் வெள்ளையாக வழிந்திருந்தது. படித்த படிப்பு தலைக்கேறி, விஷச்செடியின் சாறு என்று முடிவே கட்டிவிட்டேன். வாசலில் அந்தப் புத்தகம் திறந்து கிடந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுதினேன். வீட்டில் வாயைக் கழுவும்போதுதான் மோந்து பார்த்தேன். நூலகத்துக்குள் நுழையுமுன் நானே கொடுத்த புட்டிப்பால். அவள் துப்பிய இலைத்துண்டையும் என் தாவரவியல் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தேன். ஆடு தின்கிற இலை. அன்று மாலையே தெரியும். மறுநாள் உனக்கு எழுதும்போதும் தெரியும்.

பயத்தில் எழுதினேன் என்றால் பாதிதான் உண்மை. வெறுமனே பயந்தவள் "இது என்ன இலைடி?" என்று உன்னிடமே ஓடி வந்திருப்பாள். எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தோளில் வாந்திக்கறையோடு, இரண்டு வருஷமாக வேலைக்குப் போகாமல், ஓரத்தில் நின்றேன். 'இவருக்குத் தெரியாது' என்று எழுதியபோது ஒரு நொடி நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

நூலகருக்கும் அந்த இரண்டு பள்ளிகளுக்கும் என் பெயர் போட்டு நடந்ததை எழுதிவிட்டேன். நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

குடுக்கை

*

ஏப்ரல் 7

உன் கடிதத்தை நூலகர் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். மேஜை திரும்பக் கிடைத்தது. ஒரு பள்ளி கூப்பிட்டது, இன்னொன்று கூப்பிடவில்லை. நேற்று அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் மறுபடி வந்து தும்மினார். இலை அடித்த துணி ஒன்றை அவருக்குச் சும்மாவே கொடுத்தேன். "எதுக்குங்க?" என்று விழித்தார்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், வரவில்லை. நீ பயந்ததற்கு எனக்குக் கோபமே இல்லை. பொறாமைப்பட்டதற்கும் இல்லை. எல்லாம் தெரிந்தும், மறுநாள் உட்கார்ந்து எனக்கு முத்தம் வைத்து எழுதினாயே, அந்தக் கடிதத்தைத்தான் எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு மேஜை போடுவேன். பாப்பாவை அவள் அப்பாவோடு அனுப்பு. அவளுக்கென்று ஒரு சின்னச் சுத்தி வாங்கியிருக்கிறேன். நீ வர வேண்டாம். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியவில்லை.

வாண்டு