துப்பாக்கியை முழுதாக ஒப்படைத்துவிட்டேன், மாமா

என் பிரியமான மாமாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகன்மேல் கேஸ் எதுவும் இல்லை. அவருடைய சர்க்கார் வேலையும் பத்திரமாக இருக்கிறது. உங்கள் துப்பாக்கி போன வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முழுதாக. ஆமாம், முழுதாகத்தான். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும்.

நீங்கள் கண்ணை மூடியபோது அது எந்த லட்சணத்தில் இருந்தது? மரக்கட்டை சாப்பாட்டு மேஜைமேல். பேரல் பீரோவுக்குப் பின்னால். மற்ற உறுப்பெல்லாம் ஊறுகாய் பாட்டில்களில், மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. காரியத்துக்கு வந்த உங்கள் தங்கை, ஏதோ வடுமாங்காய் என்று ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, “இன்னாடி இது, ஊறுகாய்ல லாரி வாசன வருது?” என்று கேட்டார். துக்க வீடு என்பதையும் மறந்து நான் சிரித்துவிட்டேன். அதற்காக அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

உங்கள் அப்பா யாரோ ஒரு துரையிடம் வாங்கிய செமி ஆட்டோமேட்டிக். ஒரு தோட்டா வெடித்தால் அந்த உதையிலேயே அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும் என்பீர்கள். நான் பார்த்தவரை எதுவும் வெடித்ததில்லை, எதுவும் ஏறியதில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ். ஊரோ வேடந்தாங்கலுக்குப் பக்கம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊரில் துப்பாக்கி வைத்திருந்த ஒரே மனிதர் நீங்கள்.

“காட்டுப்பன்னி வந்தா என்ன மாமா செய்வீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தூக்கிக் காட்டுவேம்மா. ஓடிடும்.”

“ஓடலன்னா?”

“நான் ஓடிடுவேன்.”

நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு திருக்கழுக்குன்றத்துக்கு வந்தபோது நீங்கள் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், பரணில் எலி கடித்த சாக்கில் கிடந்த அந்தத் துருவும்தான். மலைக்கோயிலுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் வராமல் போனதும் அந்தச் சமயத்தில்தான். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் முனுசாமி விடுவாரா?

“இன்னா பெர்சு, நீ வந்தாலும் வந்த, கழுகு வர்றத நிறுத்திகிச்சு.”

“இது வேல செய்யாதுன்னு கழுகுக்குத் தெரியும்டா. உனக்குத்தான் தெரியல” என்றீர்கள் நீங்கள், தலையைத் தூக்காமல்.

அன்றிலிருந்து எத்தனை சாயங்காலம். மாமல்லபுரம் சிற்பக்கூடத்துக் கடையில் உப்புத்தாள் வாங்கிவரச் சொன்னீர்கள். கடைக்காரர், “இன்னா சிலை செய்யறீங்க?” என்று கேட்டார். பிள்ளையார் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் துருவைத் தேய்க்க, நான் திருப்புளி எடுத்துக் கொடுக்க, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிப் பூசி அதன் நிறம் கருப்பட்டி போல ஆனது. எல்லாம் சேர்ந்து வருகிற நேரத்தில், “சரியா உக்காரலம்மா” என்று மறுபடி பிரித்துவிடுவீர்கள். கையில் இருக்கும் நடுக்கத்தால் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. விடிந்ததும் வயலுக்குப் போய்ப் பழகிய மனிதருக்கு இந்தத் தெருவில் என்ன வேலை இருந்தது? அது முடிந்துவிட்டால் அடுத்த நாள் என்ன செய்வது என்று பயமா மாமா?

நீங்கள் போனபிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. லைசென்ஸ் உங்கள் பெயரில். ஆள் இல்லையென்றால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வைத்திருந்தால் குற்றம். சர்க்கார் வேலை போய்விடுமோ என்று உங்கள் மகனுக்குப் பயம். மறுநாளே பாட்டில்களையும் கட்டையையும் பேரலையும் ஒரு கட்டைப்பையில் போட்டு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஸ்டேஷன் ரைட்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, துப்பாக்கிய எடுத்தாரச் சொன்னா காயலாங்கடைய எடுத்தாந்துகீறீங்க?”

“எல்லா பார்ட்டும் இருக்குங்க.”

“இருந்தா கோத்து எடுத்தாங்க. துப்பாக்கி ஒன்னுன்னு நான் எழுதணும். நாளைக்குப் பெரிய ஆபீசர் வந்து எங்கய்யா துப்பாக்கின்னா, ஊறுகா பாட்டில காட்டவா? அடுத்த வாரத்துக்குள்ள கோத்துட்டு வாங்க. அப்பால நானே வூட்டுக்கு வர்ற மாதிரி வெச்சுக்காதீங்க.”

ஆராய்ச்சிக் கூடத்தில் எவ்வளவோ பெரிய இயந்திரங்களைப் பார்க்கும் உங்கள் மகன், அன்று மேஜைமேல் ஒரு திருகாணியை வைத்துக்கொண்டு, திருவிழாவில் தொலைந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம் திருப்புளியை என்னிடம் நீட்டினார்.

எனக்கு வந்தது, மாமா. எதற்குப் பிறகு எது என்று கைக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் கழற்றிய வரிசையைத் தலைகீழாக நினைத்துக்கொண்டே போனேன். நீங்கள் ‘தாழ்ப்பாள்’ என்று சொல்லும் இரும்புக் கட்டிகூட வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. தோட்டாக்களை உந்தித் தள்ளும் அந்த நீள ஸ்பிரிங்.

பரணில் தேடினேன். உங்கள் டிரங்குப் பெட்டியில் தேடினேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியை அரிசிப் பானையில் வைத்தவர் என்பதால் அதற்குள்ளும் தேடினேன்.

“ஸ்பிரிங் உள்ள இருக்கற சாமான்தானே. இல்லன்னா யாருக்குத் தெரியப் போகுது? அப்படியே கொடுத்துடலாம்” என்றார் இவர்.

“எனக்குத் தெரியுமே.”

அப்படிச் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. அதுவரை அவர் வேலைக்காகத்தான் கோக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, கடல் காற்றில் அடுப்பு அணையப் பார்த்தது. சமையலறை ஜன்னல் திரையை இழுத்தேன். கையை விட்டதும் அது வழக்கம்போல டொய்ங் என்று துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டது. வருஷக்கணக்காக நான் திட்டிக்கொண்டிருந்த திரை. வீட்டில் மற்ற ஜன்னல்களுக்கெல்லாம் வெள்ளை உறை போட்ட மெல்லிய ஸ்பிரிங். இதற்கு மட்டும்? அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். திரையின் மடிப்புக்குள் துப்பாக்கியின் ஸ்பிரிங்.

என் அம்மா முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? அன்று காலை திரை அறுந்து விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கச் சமைப்பதா என்று நான் அழாத குறை. அரை மணியில் மாட்டிவிட்டீர்கள். கடைக்குப் போனீர்களா என்றதற்கு, “இருந்ததும்மா” என்றீர்கள். அப்புறம் அதை மறந்துவிட்டீர்களா? இல்லை, அது அங்கே தொங்கும் வரை துப்பாக்கி முடியாது என்று தெரிந்தேதான் விட்டுவைத்தீர்களா?

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “தினமும் இங்கதான் காப்பி குடிக்கிறேன்” என்றார்.

மறுநாள் ஸ்பிரிங்கையும் கோத்து இருவருமாக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். ரைட்டர், “வேல செய்யுதா மேடம்?” என்றார். தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்து விட்டேன். டக். நீங்கள் கேட்காமலே போன சத்தம். ஸ்டேஷனே நிமிர்ந்து பார்த்தது.

“ஷோக்கா கீதே. இத்தப் போய் ஏன் குடுக்கறீங்க? வாரிசுன்னு உங்க பேருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போடுங்க. வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்.”

“என்ன காரணம்னு எழுதறது?” என்று கேட்டேன்.

“பெர்சு இன்னா எழுதுச்சு?”

“பயிர்ப் பாதுகாப்பு.”

“வூட்ல இன்னா பயிர் கீது?”

“ஒரு முருங்க மரம்” என்றார் உங்கள் மகன். எனக்கு முன்னால் அவர்தான் சொன்னார், மாமா.

மனு போட்டிருக்கிறோம். கிடைக்குமோ கிடைக்காதோ. வீட்டில் சாப்பாட்டு மேஜை காலியாக இருக்கிறது. சாயங்காலம் இவர் ஆபீஸிலிருந்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, எதையோ தேடுவதுபோல விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். நானும் எதிரே உட்காருகிறேன். அத்தனை நாள் உங்களுக்கு இருந்த பயம் என்னவென்று இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அது மட்டும் திரும்பி வந்தால், வந்த அன்றைக்கே பிரித்துவிடுவேன். ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஸ்பிரிங் ஜன்னலுக்குப் போகும். திருப்புளி எடுத்துக் கொடுக்க உங்கள் மகன் இருக்கிறார். ஒருநாளும் முடிக்கமாட்டோம்.

மேஜையின் என் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு மாறி உட்கார்ந்துவிட்ட,
உங்கள் மருமகள்