வடக்கு மேடு

சிடிலி, 3 மார்ச் 2024

அன்புள்ள யுகேந்திரனுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். இப்போதும் கடைச் சாப்பாடுதானா?

மழை விட்டதும் இங்குள்ள இரண்டு மணல்மேடுகளிலும் நான் ஆராயும் சில்வண்டுகள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. மணலின் அதே வெளிறிய நிறம். தேடியவரை, இந்தக் கரையைத் தவிர வேறெங்கும் நான் பார்க்கவில்லை. நேற்று வடக்கு மேட்டில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். சொகுசு விடுதிக்கு ரோடாம், தெற்கு மேட்டையும் வெட்டிப் போகுமாம். பலகையில் உங்கள் கம்பெனியின் பெயர். உங்களுக்குத் தெரியுமா?

உங்கள்,
வாசுகி

பெர்மாஸ் ஜெயா, 9 மார்ச்

அன்பு வாசுகிக்கு,

தெரியும். சைட் இன்ஜினியர் நான்தான். கேட்டு வாங்கிய வேலை. மனைவி பக்கத்தில் இருக்கலாமே என்ற ஆசை.

மேனேஜர் நாராயணனிடம் பேசினேன். "பூச்சிக்காக ரோட்ட வளைக்க முடியுமா லா? வீட்ல பேசிச் சரி பண்ணுங்க" என்றார். அவை முட்டையிட்டு முடிக்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுகிறேன். பிறகு வீட்டுக்கு வந்துவிடு. உன் நாற்காலியில் துணி மடித்து வைக்கப் பழகிவிட்டேன்.

யுகேன்

சிடிலி, 14 மார்ச்

அன்புள்ள யுகேன்,

தள்ளிப்போட்டுப் பயனில்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் மணலுக்குள் இறங்கி, வேர்ச்சாற்றைக் குடித்தபடி வருஷக்கணக்கில் கிடக்கும். மேலே பாடுகிறவை கொஞ்சம்தான். ரோடு மேட்டுக்குப் பின்னால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் வழியாகப் போகட்டும். உங்களிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை.

வாசுகி

சிடிலி சைட், 26 ஏப்ரல்

வாசுகிக்கு,

தெற்கு மேட்டை விட்டுவிடச் சம்மதித்தார்கள். வடக்கு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இயந்திரம் இறங்கியது. வேறு ஆள் வந்தால் தெற்கையும் தொட்டுவிடுவான் என்று நானே நின்றேன். புரட்டிய மணலில் வெளிறிய குஞ்சுகள் கால்களை அசைத்தன. ஓட்டுநர் வேலு நிறுத்திவிட்டு, "சார், இதெல்லாம் உயிரோட இருக்கு" என்றார். "ஓட்டுங்க" என்றேன்.

இதை வேறு யார் வாயிலாகவும் நீ கேட்கக் கூடாது.

யுகேன்

சிடிலி, 5 மே

அன்புள்ள யுகேன்,

தெற்கு மேடு உங்களால்தான் மிஞ்சியது. அதை மறக்க மாட்டேன். கோபமும் இல்லை. ஆனால் "ஓட்டுங்க" என்று நீங்கள் சொன்ன குரல் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்க என்னால் முடியாது.

தெற்கில் இந்த வருஷம் இறங்கும் குஞ்சுகள் எப்போது மேலே வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை இங்கேதான் இருப்பேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

என் துணிமணிகளை எடுக்க லோஷினி அக்கா சனிக்கிழமை வருவார். அவரிடம் கடுமையாகப் பேசிவிடாதீர்கள். வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வருவார்.

வாசுகி