கணுக்காலில் இரண்டு புள்ளிகள்

மார்ச் 3, செவ்வாய்

மாடிக்கு ஆள் வந்தாயிற்று. ரத்தக்காட்டேரி. யாரோ பூனை வளர்ப்பவள் குடிவந்ததுபோல் சாதாரணமாகச் சொன்னார் வீட்டுக்கார அம்மா. “லேப்ல ரத்தம் எடுக்கற வேலை, நைட் ஷிஃப்ட். சத்தமே இருக்காது. நீயே மந்திரக்காரி, உனக்கென்ன பயம்?”

பயம் எனக்கில்லை. ஆனால் என் மகள் பொடிசுக்கு எட்டு மாதம். யார் கை நீட்டினாலும் தாவுகிறாள். அம்மா சொல்லிக்கொடுத்தபடி பருத்தி நூலை உப்புத்தண்ணீரில் நனைத்து, மந்திரம் சொல்லி இரண்டு முடிச்சு போட்டு, ஈரத்தோடு அவள் கணுக்காலில் காப்புக் கயிறாகக் கட்டிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

வெயில் இறங்கியதும் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். மாடிக்காரி வந்து, “குடுங்க, ரெண்டு கையால மடிங்க” என்று பொடிசை வாங்கிக்கொண்டாள். உச்சந்தலையை முகர்ந்தாள். எல்லோரும்தான் முகர்கிறார்கள். ஆனால் இவள் எதற்கு?

மார்ச் 6, வெள்ளி

குளிப்பாட்டக் கயிற்றைக் கழற்றினால், கணுக்காலின் உள்பக்கம் இரண்டு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் பக்கத்தில்.

“கொசுவா இருக்கும்” என்றார் இவர்.

“கொசு அளவெடுத்தா கடிக்கும்?”

“உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம். போன மாசம் பால்காரர்.”

பால்காரர் தண்ணீர் கலந்தது உண்மைதானே.

கயிற்றை மறுபடி நனைத்து, இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

மார்ச் 8, ஞாயிறு

புள்ளிகள் பெரிதாகிவிட்டன. காப்பையும் மீறிக் கடிக்கிறாள் என்றால் எத்தனை காலத்துக் காட்டேரியோ. வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கே காலி செய்யச் சொல்கிறாராம்.

மார்ச் 9, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

மாடிக்காரி வந்தாள். சண்டை போடவில்லை. “போயிடறேன். அதுக்கு முன்னாடி அந்தக் காலைக் காட்டுங்க. தினம் நூறு கையில ஊசி குத்தறவ நான்.”

வாசலில் நின்றபடியே, தொடாமல் பார்த்தாள். “பல்லு பட்டா ஓட்டை இருக்கும்மா. இங்க தோலே கிழியல. அழுத்தின தடம் இது. நூல் காஞ்சா சுருங்கும்ல? ரெண்டு முடிச்சும் உள்பக்கமா எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க.”

ஈரப் பருத்தி காய்ந்தால் சுருங்கும். வேதியியலில் பட்டம் வாங்கியவள் நான். நானேதான் — தினம் நனைச்சு நனைச்சு, பெத்தவளே இறுக்கி இறுக்கி…

“உள்ளே வாங்க” என்றேன். கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். அவளே வாங்கிக் கயிற்றை நறுக்கினாள். பொடிசு சிரித்தது.

வீட்டுக்கார அம்மாவிடம் போய், தப்பு என்னுடையது, அவர் இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 11, புதன்

தடம் மங்குகிறது. ‘அக்கா’ என்று கூப்பிடலாமா? வயதைக் கேட்கத்தான் பயம்.

மார்ச் 21, சனி

முதல்முறையாகப் பொடிசை அக்காவிடம் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். தெரு முனையை எட்டுவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

வந்தால், அக்கா விரலை ஊதிக்கொண்டிருக்கிறாள். “கடிச்சிட்டாம்மா.”

பொடிசுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. அக்கா விரலில் இரண்டு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் பக்கத்தில்.

களிம்பு தடவிவிட்டேன். இவரிடம் கொசு என்று சொல்லியிருக்கிறேன்.