கணக்கில் தோற்ற பேண்டு வாத்தியார்

அன்பு மகள் மார்லிஸுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. அம்மாவின் முழங்கால் தேவலை, சர்ச் படிகளை யார் கையும் பிடிக்காமல் ஏறுகிறாள். ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கிறாயாமே, அதற்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே கண்ணு.

என் வேலை போகப்போகிறதென்று அத்தை போனில் உன்னைப் பயமுறுத்தினாளாம். போகவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வாத்தியார்களுக்கு மதிப்பெண் போட்டு அதன்படிதான் சம்பள உயர்வு என்று பள்ளிக்கூடத்தை நடத்துகிற ஊர்க் குழுவில் இந்த வருஷம் கொண்டுவந்தார்கள். பேண்டு வாத்திய வகுப்புக்குத் தனிப் பரீட்சை கிடையாதே, அதனால் என் மதிப்பெண்ணில் பாதியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கணக்கு மார்க்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கு மார்க் இறங்கியது, இருபத்தாறு வருஷமாக டிரம்பெட் சொல்லித்தருகிற நான் ‘திருந்த வேண்டியவர்’ ஆகிவிட்டேன். உயர்வு இல்லை, அடுத்த வருஷமும் இப்படியென்றால் வீட்டில் உட்காரவேண்டியதுதான். கணக்கு டீச்சர் ஃபிலிஸ் என்னைப் பார்த்ததும், என்னாலதானே டெல்பர்ட் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு அழுதேவிட்டாள். அட போம்மா, உன் பசங்க பின்னம் கூட்டுறப்போ நானா பக்கத்துல நின்னு டிரம் அடிச்சேன்னு கேட்டேன், அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தப் பள்ளிக் குழுவின் கூட்டத்தில் எழுந்து நின்றேன். தீவனக் கடை ரோலண்ட்தான் இப்போது தலைவர், வாத்தியாருங்களுக்கு எப்பப் பாரு ஒரு சாக்குன்னு ஆரம்பித்தார். நான் சாக்கு சொல்ல வரலை, என்னைப் பரீட்சை பண்ணுங்கன்னு கேட்கத்தான் வந்தேன், ஆனா என் பாடத்துல பண்ணுங்க, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாங்க, எந்தப் பிள்ளையை வேணும்னாலும் எந்தப் பக்கத்தை வேணும்னாலும் வாசிக்கச் சொல்லுங்கன்னேன். மனுஷன் நிஜமாகவே வந்துவிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் பிரமாதமாக வாசித்தார்கள். அவர் சும்மா இருக்காமல் கடைசி வரிசையில் கிளாரினெட் வைத்திருந்த ஒடெஸாவைக் கூப்பிட்டார். அவளுக்கு ஒரு வரிகூட வாசிக்கத் தெரியவில்லை மார்லிஸ். இரண்டு வருஷமாகப் பக்கத்துப் பெண்ணின் விரலைப் பார்த்து விரலை அசைத்திருக்கிறாள், ஊதவே இல்லை. நான் கவனிக்கவில்லை. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ரோலண்டுக்கே சங்கடமாகி, இதை அறிக்கையில எழுதாம விட்டுடவான்னு மெதுவாகக் கேட்டார். எழுதுங்க ரோலண்ட், கணக்கு மார்க் என் தப்பில்லை, இது என் தப்புதான்னேன்.

எழுதினார். அடுத்த கூட்டத்தில், கணக்கு மார்க்கை மட்டும் பார்த்திருந்தா அந்தப் பொண்ணு நம்ம கண்ணுல பட்டிருக்கவே மாட்டான்னு சொல்லி அவரே முன்மொழிந்து, இனி அவரவர் பாடத்தை வகுப்பில் வந்து பார்த்துத்தான் மதிப்பெண் என்று நாலுக்கு மூன்று ஓட்டில் முடிவானது. இந்த வருஷத்து மதிப்பெண் மட்டும் மாறாது, உயர்வும் கிடையாது. போகட்டும், தாங்கிக்கொள்வோம். அம்மாதான், உங்களுக்கு எதிராச் சாட்சி சொல்ல நீங்களே ஆள் கூட்டிட்டு வந்தீங்களேன்னு தினமும் குத்துகிறாள்.

ஒடெஸா இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வருகிறாள். போன வியாழக்கிழமை எட்டு வரி தனியாக வாசித்தாள். ஆறாவது வரியில் தப்பு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே நிறுத்தி, இருங்க சார், நான் பார்க்குறேன்னு சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் உனக்குக் கர்த்தர் தரட்டும். கார் டயரை உடனே மாற்று, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்.

என்றும் உன் அப்பா,
டெல்பர்ட் ஹட்சன்ஸ்